ஈராக் கட்டி முடித்த 5,240 கோடி டாலர்: கேள்வி பதில்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அந்த ஆக்கிரமிப்பால் நேர்ந்த இழப்புகளுக்கு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் வழியாக ஈராக் பணம் கட்டி முடிக்க 2022 ஆகிவிட்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: போரில் தோற்ற நாடு நஷ்டஈடு கட்டுவது பழைய வழக்கம்தானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி கட்டியது அரசுகளுக்கு. ஈராக் விஷயத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்த பெண்ணும் மனு போட முடிந்தது, பணமும் வந்தது. 1991 ஏப்ரலில் பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 687ஆம் தீர்மானத்தின் 16ஆவது பத்திதான் இதற்கு வேர். சட்டவிரோதமான ஆக்கிரமிப்பாலும் அதைத் தொடர்ந்த ஆதிக்கத்தாலும் பிற நாட்டு அரசுகளுக்கும் மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் 'நேரடியாக' ஏற்பட்ட இழப்புக்கு ஈராக் பொறுப்பு என்று அது சொல்லிவிட்டது. பொறுப்பு யாருடையது என்ற வழக்கே அதோடு முடிந்தது. ஜெனீவாவில் உட்கார்ந்த ஆணையத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் வேலைதான் மிச்சம்.

வந்த மனுக்கள் சுமார் 26.9 லட்சம். கேட்ட தொகை 35,250 கோடி டாலர். ஏற்றுக்கொண்டது 5,240 கோடி. அது சுமார் 15 லட்சம் பேருக்குப் போனது.

கேள்வி: ஈராக் ஒழுங்காகக் கட்டியதா? பணம் எங்கிருந்து வந்தது?

எண்ணெயிலிருந்து. ஏற்றுமதி வருமானத்தில் 30 சதவீதம் வரை இழப்பீட்டு நிதிக்கு என்று 1991லேயே முடிவாகிவிட்டது. ஆனால் பொருளாதாரத் தடை இருந்ததால் எண்ணெய் வெளியே போகவில்லை. நிதியில் காசும் சேரவில்லை. வெளிநாடுகளில் முடக்கப்பட்டிருந்த ஈராக்கின் எண்ணெய்ப் பணத்தில் கொஞ்சம் எடுத்துத்தான் ஆரம்ப வருடங்களை ஓட்டினார்கள். ஈராக் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க ஐ.நா. அனுமதித்த 'உணவுக்கு எண்ணெய்' திட்டத்தில் 1996 டிசம்பரில் ஏற்றுமதி தொடங்கிய பிறகுதான் நிதி நிறைய ஆரம்பித்தது. அந்தப் பணம் ஐ.நா. கணக்குக்கே நேராக வந்ததால், பிடித்தம் போகத்தான் மிச்சம். பாக்தாத் மனம் வைத்தால்தான் பணம் வரும் என்ற நிலை அப்போது இல்லை.

விகிதம் 2000 டிசம்பரில் 25 சதவீதமாகவும், சதாம் ஆட்சி கவிழ்ந்த பின் 2003 மே மாதத்தில் 5 சதவீதமாகவும் குறைந்தது. ஐ.எஸ். தீவிரவாதப் படை நாட்டின் பெரிய பகுதி ஒன்றைப் பிடித்த சமயத்தில், 2014 அக்டோபரிலிருந்து கட்டுவதே நிறுத்திவைக்கப்பட்டது. 2018ல் 0.5, 2019ல் 1.5, 2020ல் 3 சதவீதம் என்று மறுபடி ஏற்றினார்கள். கடைசித் தவணை சுமார் 63 கோடி டாலர். 2022 ஜனவரி 13 அன்று அது குவைத் பெட்ரோலிய நிறுவனத்துக்குப் போனது.

கேள்வி: என் மாமா 1990ல் குவைத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர். அவர் போன்றவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது? என்ன ஆதாரம் கேட்டார்கள்?

மனுக்களை 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு பிரிவாக வைத்திருந்தார்கள். இவர்கள் வருவது 'ஏ' பிரிவில். 1990 ஆகஸ்ட் 2 முதல் 1991 மார்ச் 2 வரையிலான காலத்தில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு நிலையான தொகை: தனியாளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு எந்தப் பிரிவிலும் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000, 8,000.

நிரூபிக்க வேண்டியவை இரண்டே: வெளியேறினார் என்பது, எந்தத் தேதியில் என்பது. பாஸ்போர்ட் முத்திரை, விசா, பயணச்சீட்டு போன்றவை போதும். சட்டைப்பையில் ஒன்றுமில்லாமல் பாலைவனம் தாண்டியவர்களும் உண்டல்லவா? அதனால் விமானப் பயணிகள் பட்டியல், எல்லைப் பதிவு, மீட்புப் பணியில் எடுத்த பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி மனுக்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தாதவற்றை நாடுவாரியாக மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். ஒன்பது லட்சம் மனுக்களை ஒவ்வொன்றாக விசாரித்திருந்தால் இன்னும் முடிந்திருக்காது.

பலர் தடுக்கிய இடம் வேறு. 4,000 டாலர் கட்டத்தில் குறி போட்டுவிட்டு, போட்டுத்தான் பார்ப்போமே என்று சம்பளம், சாமான் போன்ற இழப்புகளுக்கான 'சி' பிரிவிலும் ஒரு மனு கொடுத்தார்கள். அப்படிச் செய்தவர்கள் குறைந்த தொகையைத் தேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று ஆணையம் முடிவெடுத்தது. 4,000 கேட்டவர் 2,500க்கு இறங்கினார்.

கேள்வி: மற்ற பிரிவுகளையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

'பி': கடுமையான காயம், அல்லது கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் மரணம். ஒருவருக்கு 2,500, குடும்பத்துக்கு 10,000 டாலர் வரை. முதலில் பணம் போனது இவர்களுக்குத்தான், 1994ல். 'சி': சம்பளம், வீட்டுச் சாமான், வங்கிப் பணம் என ஒரு லட்சம் டாலர் வரையிலான தனிநபர் இழப்பு. 'டி': அதற்கு மேல். 'இ' நிறுவனங்களுக்கு, 'எஃப்' அரசுகளுக்கும் சர்வதேச அமைப்புகளுக்கும்.

'சி'க்கும் 'டி'க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு லட்சம் டாலர் கோட்டைக் கவனியுங்கள். 90,000 டாலர் சாமானை ஊதி 1,20,000 என்று எழுதியவர் 'டி'க்குப் போய்விடுவார். அங்கே ஆதாரம் கறாராகக் கேட்பார்கள், மதிப்பீடும் தனித்தனியாக நடக்கும், முறையும் தாமதமாகத்தான் வரும். பேராசைக்கு அந்தப் படிவத்திலேயே தண்டனை இருந்தது.

கேள்வி: கடை என் சித்தப்பாவுடையது, லைசென்ஸ் குவைத்தி ஒருவர் பெயரில். இருவரும் மனு போட்டால் யாருக்குக் கிடைக்கும்?

வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரிந்த கதை. முதல் போட்டு நடத்துபவர் வெளிநாட்டவர், காகிதத்தில் உரிமையாளர் உள்நாட்டவர். ஒரே கடைக்கு இரண்டு மனுக்கள் வந்தபோது ஆணையம் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, மொத்த இழப்பை ஒருமுறை மட்டும் மதிப்பிட்டது. பிறகு யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு. லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு முழுத்தொகையும் வாங்கிவிட முடியாது. நடத்தியவர் தரப்பில் எடுபட்டவை: இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம், சரக்கு வாங்கிய பில், வாடகை ரசீது, வங்கிக் கணக்கு. வாய்மொழி ஏற்பாட்டில் நடத்தியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

கேள்வி: ஆணையத்தின் பணம் மனுதாரர் கைக்கு நேராக வந்ததா?

இல்லை. மனுவும் அரசு வழியாக, பணமும் அரசு வழியாக. அரசு தன் செலவுக்குப் பிடித்துக்கொள்ள வரம்பு இருந்தது: ஏ, பி, சி பிரிவுகளில் 1.5 சதவீதம், மற்றவற்றில் 3. அதாவது 8,000 டாலர் குடும்பத்துக்கு அதிகபட்சப் பிடித்தம் 120. கையில் 7,880 வரவேண்டும். பணம் வந்த ஆறு மாதத்துக்குள் பட்டுவாடா செய்து, பிறகு கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாத தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காதவர்களின் பணம் அப்படித்தான் நழுவியது.

பாலஸ்தீனர்களுக்கு மனு கொடுக்க அரசு இல்லாததால் ஐ.நா. அமைப்புகள் அந்த இடத்தில் நின்றன.

கேள்வி: பொருளாதாரத் தடையால் என் நிறுவனத்துக்கு ஈராக் ஏற்றுமதி நின்றுபோனது. அதற்கு உண்டா?

தடை மட்டுமே காரணம் என்றால் கிடையாது. ஆக்கிரமிப்பும் தனியாக ஒரு நேரடிக் காரணம் என்று காட்டினால், அந்த அளவுக்கு உண்டு. ஆகஸ்ட் 2க்கு முன்பே ஈராக் வைத்திருந்த பாக்கிக் கடனும் இந்த ஆணையத்தின் எல்லைக்கு வெளியே. ஈராக்கை எதிர்த்துப் போரிட்ட கூட்டுப்படைகளின் படைச்செலவும் அப்படியே.

கேள்வி: ஈராக் படையினர் குவைத்தின் எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தினார்களே, அதற்கு?

அறுநூறுக்கும் மேல் கிணறுகள் எரிந்தன. கடைசித் தீ அணைந்தது 1991 நவம்பரில். எண்ணெய் உற்பத்தி, விற்பனை இழப்புக்காகக் குவைத் பெட்ரோலிய நிறுவனத்துக்குச் சுமார் 1,470 கோடி டாலர். ஆணையம் கொடுத்ததிலேயே பெரிய தொகை அதுதான்.

சுற்றுச்சூழல் மனுக்கள் தனி. 168 மனுக்களில் சுமார் 8,500 கோடி டாலர் கேட்டார்கள். ஏற்றது சுமார் 526 கோடி. கடற்கரை மண்ணிலோ நிலத்தடி நீரிலோ போருக்கு முன் எண்ணெய் எவ்வளவு இருந்தது என்ற அளவீடு இல்லாவிட்டால், போரால் கூடியது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? பல மனுக்கள் விழுந்தது அங்கேதான். இதை முன்கூட்டியே உணர்ந்து, 2001ல் ஆய்வுக்கென்றே முதலில் 24 கோடி டாலர் போலக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு முடிவுகளை வைத்துத்தான் பெரிய கோரிக்கைகளை எடைபோட்டார்கள். ஆணையம் செய்ததில் புத்திசாலித்தனமான வேலை இதுதான் என்பேன்.

கேள்வி: பத்து, இருபது வருடத் தாமதத்துக்கு வட்டி?

கிடையாது. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். 2005ல் இல்லை என்றே முடிவானது.

கேள்வி: இப்போது மனு போடலாமா? ஏஜெண்ட் ஒருவர் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

முடியாது. தனிநபர் மனுக்களுக்குக் கடைசி நாள் 1995 ஜனவரி 1. ஆணையத்தின் பணி முடிந்ததாக 2022 பிப்ரவரியில் 2621ஆம் தீர்மானம் அறிவித்துவிட்டது. அவர் கேட்பது எதுவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உக்ரைனுக்கும் இப்படி நடக்குமா?

சேதப் பதிவேடு ஒன்று ஹேக் நகரில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வீடு இழந்தவர்களிடம் மனு வாங்கத் தொடங்கினார்கள். 2022 பிப்ரவரி 24 முதல் நேர்ந்த சேதத்துக்கு மட்டும். ஆனால் பதிவேடு பணம் தராது. ரஷ்யாவுக்குப் பாதுகாப்பு சபையில் தீர்மானங்களைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் இருப்பதால், 687 போன்ற தீர்மானத்துக்கு அங்கே வழியில்லை. எரித்ரியாவும் எத்தியோப்பியாவும் தங்களுக்குள் நடந்த போருக்காக ஒன்றிடம் ஒன்று இழப்பீடு கேட்ட வழக்கைப் பாருங்கள்: 2009ல் தீர்ப்பாயம் இரண்டு பக்கமும் பதினாறு, பதினேழு கோடி டாலர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. பிடித்துக் கட்டவைக்க எண்ணெய்க் கணக்கு எதுவும் இல்லை, இருவருமே கட்டவில்லை.