ஆள் நிற்கவில்லையா? ரோஸ்டரைக் கொண்டுவாருங்கள்

கேள்வி: நூறு படுக்கைகள் உள்ள மருத்துவமனையின் நிர்வாகி நான். சேரும் செவிலியர்கள் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள். சம்பளத்தை உயர்த்தியும் பார்த்துவிட்டோம். ஒரு ஏஜென்சி, "ஆட்களை நாங்கள் தருகிறோம், இரண்டு ஆண்டுக்கு விலகமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குங்கள்" என்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். பாண்டு முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவரிடமா தீவிர சிகிச்சைப் பிரிவை ஒப்படைக்கப்போகிறீர்கள்?

அந்த ஏஜென்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவார்கள். மூன்று மாதத்துக்குள் விலகினால் மாற்று ஆள் இலவசம் என்பார்கள். நான்காம் மாதம், தாங்கள் அனுப்பிய அதே செவிலியரை அழைத்து, "வேறிடத்தில் கூடுதலாகத் தருகிறார்கள்" என்று ஆசை காட்டுவார்கள். அங்கே ஒரு கமிஷன், உங்கள் காலியிடத்தை நிரப்ப இன்னொரு கமிஷன். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கச் சொல்லும் தரகர்களும் உண்டு. அப்படிச் செய்யும் நிர்வாகத்துக்கு நான் ஆலோசனை சொல்வதே இல்லை.

இனி உங்கள் சிக்கல். சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை உயர்த்திய பிறகும் போகிறார்கள் என்றால் ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எழுதும் பணி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் என்னிடம் காட்டிய ரோஸ்டர், வெள்ளை மை பூசிப் பூசித் தடித்துப் போயிருந்தது. ஒரு செவிலியரின் பெயருக்கு நேரே மாலை ஷிஃப்ட். அடுத்த கட்டத்திலேயே காலை ஷிஃப்ட். இரவு ஒன்பதரைக்கு வார்டை ஒப்படைத்தவர் காலை ஏழுக்குத் திரும்பி நிற்க வேண்டும். வார விடுப்புக் கட்டத்தையும் அழித்து 'இரவு' என்று எழுதியிருந்தார்கள். அவருடைய ராஜினாமா கடிதத்தில் இருந்த காரணம், 'சொந்தக் காரணம்'. எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே இதற்குப் பரிந்துரை வகுத்துவிட்டது: இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு, மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்கு 12 மணிக்கு மேல் வேலை கூடாது, அட்டவணை முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். மருத்துவமனைக்குத் தரச்சான்று தரும் அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வரும் வாரத்தில் மட்டும் எல்லா ரோஸ்டரும் இப்படித்தான் இருக்கும்! கோப்பைப் புரட்டிக் கையெழுத்திட்டுப் போகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் எத்தனை பேர் என்று எண்ண ஒருவரும் வருவதில்லை.

எண்ணிக்கை முக்கியம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அந்தச் செவிலியர் பணியில் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியது. இதற்கு யோகா வகுப்பு மருந்தாகாது. உலக சுகாதார நிறுவனமே 2019-இல் இந்தச் சோர்வைப் பணியிடம் சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை.

ஷிஃப்டை மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள். உடல் அதற்கு எளிதாகப் பழகும். ஒரு விதிவிலக்கு உண்டு. சிலர் இரவுப் பணியையே நிரந்தரமாகக் கேட்பார்கள்: மேற்படிப்பு படிப்பவர், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர். கொடுங்கள். ஆனால் அவரே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் 'கேட்டதாக' எழுதியது செல்லாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொடர விருப்பமா என்று மீண்டும் கேளுங்கள். பயிற்சி வகுப்புகளைப் பகலில் மட்டும் வைத்துவிட்டு, பதவி உயர்வின்போது 'பயிற்சி போதாது' என்று அவரை ஒதுக்காதீர்கள். பயிற்சிக்கு வரும் நேரமும் பணிநேரம்தான். முக்கியமாக, அவர் இருக்கிறார் என்பதற்காக இரவில் ஓர் ஆளைக் குறைக்காதீர்கள்.

கடந்த ஓராண்டில் விலகியவர்களின் கடைசி மூன்று மாத ரோஸ்டரை எடுத்து, அழித்து எழுதிய கட்டங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஏஜென்சிக்காரர் மறுபடி வந்தால், அவர் அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஓராண்டைத் தாண்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.