கார் கராஜ்: வாசகர் கேள்வி

கேள்வி: என்னிடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது, 289 கன அங்குல வி8 எஞ்சின். கார்பெட் மக்கிவிட்டது, ஹெட்லைனர் (கூரையின் உள்பக்கத் துணி) தொங்குகிறது. நெடுஞ்சாலையில் போனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. தரை, கதவு, கூரை எல்லாவற்றிலும் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டிவிடலாமா?
– வாசகர், டிராய், மிச்சிகன்

பதில்: ஷீட் வாங்குவதற்கு முன் கார்பெட்டை எடுத்துவிட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே பானெட்டை ஒட்டி இருக்கும் காற்றுத் துளைகளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒருவர் ஊற்றட்டும், இன்னொருவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்க்கட்டும். அந்தக் காலத்து மஸ்டாங்குக்குப் பெரிய வியாதியே இதுதான். துளைகளுக்குக் கீழே உள்ள பெட்டியில் இலைகுப்பை சேர்ந்து, தகடு துருப்பிடித்து, மழைத் தண்ணீர் நேராக முன்தரையில் இறங்கும். சரிசெய்ய வேண்டுமானால் தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். செலவுதான், ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் சணல் விரிப்பு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தரை ஓட்டையாகும்வரை உங்களுக்குத் தெரியாது.

தரையில் பழைய தார்ப்பட்டை இருந்தால் அதன்மேல் உலர்பனிக்கட்டியைப் பரப்புங்கள். மைனஸ் 78 டிகிரி குளிரில் தார் விறைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டினாலே உடைந்து வரும். தடித்த கையுறை கட்டாயம். கதவுகளையும் கராஜையும் திறந்தே வையுங்கள், அதிலிருந்து வரும் கரியமில வாயு தாழ்வான இடத்தில் தேங்கும்.

சரி, இனி ஷீட். அலுமினியம் மூடிய பியூட்டைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) ஷீட்டின் வேலை தகடு அதிராமல் பார்ப்பது மட்டும்தான். தட்டிய பித்தளைத் தட்டின்மேல் கை வைத்தால் ஓசை அடங்குவதுபோல. அதனால் தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசி ஒட்டினாலே போதும். மூலைமுடுக்கெல்லாம் ஒட்டுவது காசுக்கும் எடைக்கும் கேடு. வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. அதற்குத் தரையிலும் எஞ்சின் பக்கத் தடுப்பிலும் தண்ணீர் குடிக்காத ஃபோம் போட்டு, அதன்மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ வரும் கனமான வினைல் விரிப்பைப் போடுங்கள். மலிவான தார் ஷீட் வேண்டாம், வெயிலில் நாறும், கூரையிலிருந்து கழன்று விழும். வயர் போகும் துளைகளில் ரப்பர் வளையம் இல்லாமலும் கதவு ரப்பர் வெடித்தும் இருந்தால் இவ்வளவும் வீண், அவற்றை முதலில் மாற்றுங்கள்.

கதவு பேனலுக்குப் பின்னால் நீர்த்தடுப்புத் தாளைத் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் புதுப் பேனலின் அட்டை ஊதிவிடும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஷீட்டால் மூடவும் கூடாது.

ஹெட்லைனரைத் தாங்கும் கம்பிகளைக் கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண் எழுதி வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று வளைவு வேறு, இடம் மாறினால் துணியில் சுருக்கம் விழும். துணியின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போவதால் முன், பின் கண்ணாடிகளையும் எடுத்தாக வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் கார் உள்வேலை செய்யும் அனுபவமுள்ள டிரிம் கடையில் கொடுங்கள் என்பேன்.

கார்பெட் கடைசி. வெயிலில் விரித்து இளக்கிவிட்டுப் போடுங்கள். சீட் போல்ட்டுக்கான துளையை டிரில்லால் போட்டால் நூல் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையே உருவி வந்துவிடும். சூடாக்கிய கம்பியால் குத்துங்கள்.