பெரியம்மா பதில்கள்

கேள்வி: திங்கட்கிழமை என் மகனுக்குப் புது வேலையில் முதல் நாள். 8 மணிக்குக் கிளம்ப வேண்டும். ராகு காலம் என்று மாமியார் 7.20-க்கே அவன் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார். பை போனால் ஆள் போன கணக்கா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஆமாம், பரஸ்தானம் என்று அதற்குப் பேரே இருக்கிறது. எங்கள் வீட்டில் பை இல்லாத நாளில் அப்பாவின் குடை முன்னால் போகும்.

உன் மாமியாருக்குக் காலண்டர் போதும்; நாம் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. எந்தக் கிழமையிலும் முதல் பங்கு அவருக்குக் கிடையாது. 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று சொல்லிப் பார், திங்கள், சனி, வெள்ளி என்று வரிசை வந்துவிடும். காலண்டர்காரர் வருஷம் முழுக்கச் சூரியன் காலை 6-க்கு உதித்து மாலை 6-க்கு மறைவதாக வைத்து, ஒன்றரை மணி நேரமாக நறுக்கிவிடுகிறார். சென்னையில் தை மாதம் சூரியன் எழவே 6.30 தாண்டிவிடும். அப்படிப் பார்த்தால் தைத் திங்களில் ராகு காலம் ஏறக்குறைய 8 முதல் 9.25 வரை. 9 அடித்ததும் நிம்மதியாகப் படியிறங்குகிறவர்கள் எல்லாம் ராகுவின் மடியிலேயே போய் விழுகிறார்கள்! ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லாதே. பை போவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: மொய் 500 எழுதினால் கூடவே ஒரு ரூபாய் எதற்கு?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நாணயம் ஒட்டிய கவரே கடையில் கிடைக்கிறது. வாங்கி எழுதுங்கள்.

கேள்வி: மகளுக்கு வளைகாப்பு. கணவரை இழந்த என் தங்கை, சித்தி முறையில் முதல் வளையல் போட ஆசைப்படுகிறாள். 'ஆகாது' என்கிறார்கள் உறவுக்காரர்கள். காரணம் கேட்டால் 'வழக்கம்' என்கிறார்கள்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: குடை முன்னால் போனதற்குச் சிரித்தேன், இதற்கு முடியாது. போடட்டும். யாரிடமும் அனுமதி கேட்காதே. கேட்டால் பேச்சு வளரும். சந்தனக் கிண்ணத்தையும் வளையல் தட்டையும் நீயே எடுத்துத் தங்கை கையில் கொடு. எங்கள் நாத்தனார் மகள் சீமந்தத்தில் இப்படித்தான் செய்தேன். பெரியவர் ஒருத்தர் சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு பேரனுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மகளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. அவள் முதலில் சித்தி பக்கம் கையை நீட்டிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.