போரையும் அந்நியப் படையாட்சியையும் கடந்த தச்சுக் குடும்பம்

கேள்வி: தாத்தா தொடங்கிய கட்டட ஒப்பந்த வேலையை மூன்றாம் தலைமுறையாகச் செய்கிறோம். 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலையேறி நின்ற வேலை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. மேசன் பாஸ்மாரும் தச்சு பாஸ்மாரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஜப்பானில் போரையும் அந்நியப் படைகளின் ஆட்சியையும் கடந்து நின்ற ஒரு குடும்ப நிறுவனம் உண்டாமே, அது எவ்வாறு பிழைத்தது ஐயா?
– வாசகர், அட்டன்

பதில்: நீங்கள் கேட்பது ஒசாக்காவின் கொங்கோ குமியைப் பற்றி. சித்தென்னோ-ஜி விகாரையைக் கட்டக் கொரியாவிலிருந்து வந்த தச்சர் ஒருவரால் 578 இல் தொடங்கப்பட்டது என்பது அதன் மரபு.

1930களில் 37ஆவது தலைவர் இறந்தபின் பொறுப்பேற்றவர் அவருடைய மனைவி யொஷியே. 1934 சூறாவளியில் வீழ்ந்த விகாரையின் ஐந்தடுக்குக் கோபுரம் 1940 இல் மீண்டும் எழுந்தது. 1945 மார்ச் விமானக் குண்டுவீச்சில் அதுவும் எரிந்தது. அதற்கு முன்பே, போருக்காகச் சிறு நிறுவனங்களை மூடவும் இணைக்கவும் அரசு முனைந்தபோது, விகாரை கட்டிய கைகளுக்கு மரப்பெட்டி செய்யும் வேலையைக் கொடுத்து அவர் நிறுவனத்தை அழியாமல் காத்தார். அதை நான் தாழ்வாகவே எண்ணமாட்டேன். தச்சர்கள் கலைந்திருந்தால் போருக்குப்பின் கட்ட யார் இருந்திருப்பார்கள்?

1951 இல் சான் பிரான்சிஸ்கோவில் நம் நாடும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28 அன்று நடைமுறைக்கு வரும்வரை ஜப்பான் நேச நாட்டுப் படைகளின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்து நிலச்சீர்திருத்தத்தில் விகாரைகள் குத்தகை வயல்களை இழந்தமையால், நிறுவனத்துக்கு வேலை கொடுத்தவர்களே வறியவர்களாயினர். பின்னர் 39ஆவது தலைவர் தொஷிதாக்கா, கொங்கிரீட்டில் கட்டினாலும் மரக்கட்டடத்தின் வடிவழகு குன்றாத முறையொன்றை வளர்த்தெடுத்தார். தீக்கு அஞ்சிய விகாரைகளுக்கு அது பொருத்தமாயிற்று.

ஆயினும் போரால் வீழாத அந்நிறுவனம் கடன் சுமையால் தளர்ந்து, 2006 இல் தகமாட்சு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. குடும்பத்தின் உரிமை போனாலும், விகாரைத் தச்சர்கள் அதே பெயரில் இன்றும் வேலை செய்கிறார்கள்.

உங்களிடம் எஞ்சியுள்ள பாஸ்மாரை விட்டுவிடாதீர்கள். புது வீடு கட்டும் ஒப்பந்தம் வரும்வரை லயன் கூரை திருத்தமோ பாடசாலைத் தளபாட வேலையோ கிடைத்தால் எடுங்கள்; ஆனால் அவர்களின் சம்பளத்துக்காக வட்டிக் கடன் வாங்க வேண்டாம்.