கியாட்டிசுக் தோற்றவரா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்துப் பையன்களுக்கு வார இறுதியில் கால்பந்து சொல்லித்தருகிறேன். பள்ளி அணிக்கு மேல் நான் ஆடியதில்லை. சமீபத்தில் ஒரு பையனின் அப்பா, "நீங்க எந்த லெவல்ல ஆடியிருக்கீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் நல்ல கோச்சாக முடியுமா? உரிமப் படிப்புக்குப் பணம் கட்டலாமா? ஆனால் சிறுவயதில் நான் கொண்டாடிய தாய்லாந்தின் கியாட்டிசுக்கைப் பார்த்தால் குழப்பம்தான் கூடுகிறது. தென்கிழக்கு ஆசியாவுக்குள் ராஜா. இங்கிலாந்துக்குப் போய் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். கோச்சாகி ஜப்பானிடம் நாலு கோல் வாங்கிப் பதவி விலகினார். கடைசியில் அவரும் தோற்றவர்தானே?

– ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கியாட்டிசுக் சேனாமுவாங் சில காலமாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உடனே எழுதுகிறேன். உரிமப் படிப்புக்குப் பணம் கட்டுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. அந்த அப்பாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அவர் பையன் தொடர்ந்து மைதானத்துக்கு வருகிறானா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் "தோற்றவர்தானே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை நான் விடப்போவதில்லை. பையன்களுக்குச் சொல்லித்தருகிற ஒருவர் இப்படி எழுதலாமா?

1996இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான முதல் டைகர் கோப்பை உங்கள் ஊரில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவுக்கு எதிராக விழுந்தது ஒரே கோல், அதை அடித்தவர் இவர். 2001இல் சிங்கப்பூர் ராணுவ அணிக்காக ஆடியவரும் இவர்தான். தாய்லாந்துக்காக 70க்கு மேல் கோல்கள். கோல் போட்டதும் அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம். இதையெல்லாம் "தென்கிழக்கு ஆசியாவுக்குள்" என்ற ஒரே சொல்லில் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டீர்கள். ஏன், தென்கிழக்கு ஆசியாவில் இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா? அங்கே விழுகிற கோல் கோல் இல்லையா?

நீங்கள் சொன்ன இங்கிலாந்து விஷயம் உண்மைதான். 1999இல் ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற அணிக்குப் போனார், முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை, திரும்பிவிட்டார். அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? எத்தனையோ பேருக்கு நடப்பதுதான். நான் கேட்பது அதற்கப்புறம் அவர் எங்கே போனார் என்பதை. நீங்கள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

2002இல் அவர் வியட்நாமின் ப்ளெய்குவுக்குப் போனார். காப்பியும் ரப்பரும் விளைகிற மலைநாட்டு ஊர். அங்கே ஹுவாங் அன் ஸியா லாய் என்ற அணி அப்போது இரண்டாம் நிலை லீகில் கிடந்தது. தாய்லாந்தும் வியட்நாமும் கால்பந்தில் பரம வைரிகள். தாய்லாந்தின் நட்சத்திரம் வைரி நாட்டின் இரண்டாம் நிலை அணியில் போய்ச் சேர்ந்தார். ஹடர்ஸ்ஃபீல்ட் பெஞ்சில் உட்கார்ந்ததைச் சொல்ல உங்களுக்கு ஒரு வரி இருந்தது, இதைச் சொல்ல அரை வரிகூட இல்லையா?

அணி மேல் நிலைக்கு ஏறியது. ஏறிய வேகத்தில் 2003இல் வியட்நாம் சாம்பியன், 2004இல் மறுபடியும். பிறகு அந்த அணிக்கே கோச். அவருடைய கோச் வாழ்க்கை அந்த மலையில்தான் தொடங்கியது. எதிரி ஊர் ரசிகர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே வைத்துக்கொண்டார்கள். ஓர் ஆட்டக்காரன் போன இடத்தில் ஆட்டம் ஒரு படி மேலே ஏறியதா? எனக்கு வேண்டிய அளவுகோல் இது ஒன்றுதான். இங்கிலாந்து மைதானத்தில் எத்தனை நிமிடம் நின்றான் என்பதைக் கொண்டு ஆசியர்களை அளக்கிற பழக்கத்தை எப்போது விடப்போகிறோம்? நம் பையன்கள் தங்களையே மட்டமாக நினைப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். அதை நீங்களும் அவர்களுக்கு ஊட்டிவிடாதீர்கள்.

2014 டிசம்பரில் நான் கிள்ளானில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். பழைய டைகர் கோப்பைதான், அப்போது சுசுகி கோப்பை என்று பெயர். அதன் இறுதியின் இரண்டாம் ஆட்டம், மலேசியாவின் புக்கிட் ஜாலில் மைதானத்தில். தாய்லாந்துக்குக் கோச் கியாட்டிசுக். சாப்பாட்டுக் கடையில் டிவி முன்னால் அத்தனை பேரும் மஞ்சள் சட்டை. பாங்காக்கில் நடந்த முதல் ஆட்டத்தை மலேசியா 0–2 என்று தோற்றிருந்தது. இரண்டு ஆட்டக் கோல்களையும் கூட்டித்தான் கோப்பை. இங்கே மூன்று கோல் போட்டுவிட்டது. கடைக்காரர் ரொட்டி கல்லை அணைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார். எனக்கும் மலேசியா ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் என் கண் அந்தத் தாய்லாந்துப் பையன்களின் கால்களிலேயே இருந்தது. கோப்பை கைநழுவிக்கொண்டிருக்கிறது, நேரம் ஓடுகிறது. வேறு அணியாக இருந்தால் பந்தைத் தூக்கி முன்னால் கடாசியிருக்கும். இவர்கள் தரையோடு தரையாகச் சின்னச் சின்னப் பாஸ்களாகவே கொண்டுவந்தார்கள். 82ஆம் நிமிடத்தில் சாரில் ஷப்புய் அடித்தார், 87இல் சனாதிப். கடை அப்படியே அடங்கிப்போனது. பக்கத்தில் இருந்த நண்பரின் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஜிகோ பசங்கய்யா" என்றார். கியாட்டிசுக்குக்கு ஜிகோ என்றுதான் செல்லப்பெயர்.

அந்தப் பொறுமை தானாக வராது. 2013 தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இளம் அணியைத்தான் அவர் படிப்படியாக மேலே கொண்டுவந்திருந்தார். சனாதிப்பின் உயரம் 158 சென்டிமீட்டர்தான். குள்ளம் என்று எந்தக் கோச்சும் ஒதுக்கியிருக்கக்கூடிய பையன். அவனை நடுவில் வைத்து அணியைக் கட்டினார். பின்னாளில் சனாதிப் ஜப்பானின் சப்போரோ அணிக்குப் போய், 2018இல் அந்த லீகின் சிறந்த பதினொருவரில் ஒருவரானார்.

ஜப்பானிடம் நாலு கோல் என்றீர்கள். ஆமாம், 2017 மார்ச்சில் சைதாமாவில். ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் ஆஸ்திரேலியாவுடன் 2–2. கோபமும் நியாயம்தான், பதவி விலகியதும் சரிதான். ஆனால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அந்தக் கடைசிக் கட்டத்துக்குத் தாய்லாந்து வந்ததே இரண்டு முறைதான். 2001இல் வந்தபோது அவர் ஆட்டக்காரர், 2016இல் வந்தபோது கோச். வாசல் வரை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனவரைப் பார்த்து, ஏன் உள்ளே போகவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். மற்ற நேரமெல்லாம் அந்தத் தெருவுக்கே யாரும் போகவில்லையே!

2021இல் அவர் மறுபடியும் ப்ளெய்குவுக்கே கோச்சாகப் போனார். 12 சுற்று முடிந்தபோது அவர் அணிதான் பட்டியலில் முதலிடம். அப்போது பார்த்து கொரோனா. லீகையே ரத்து செய்தார்கள், யாருக்கும் பட்டம் இல்லை. உங்கள் கணக்கில் இந்த வருடத்தை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? அதை யோசித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் பையன்களில் குள்ளமாக ஒருவன் நிச்சயம் இருப்பான், அவனை எந்த இடத்தில் ஆடவிடுகிறீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்