'லோன் பெடியன்' என்ற பெயரோடு நேர்முகத்துக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் மல்லாவிப் பக்கம், வயது 28. கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்து, ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று வருடம் நுண்கடன் (பெரும்பாலும் கிராமத்துப் பெண்களுக்குக் குழுவாகக் கொடுக்கும் சிறு கடன்) அறவிடும் வேலை செய்தேன். போன வருடம் விட்டுவிட்டேன். இப்போது வாழ்வாதாரத் திட்டங்களில் கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பித்து வருகிறேன். இரண்டு இடத்தில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பிவிட்டேன். "ஊரில விசாரிச்சவையாம், லோன் பெடியன் எண்டு சொல்லிப்போட்டினமாம்" என்று அங்கே வேலை செய்யும் நண்பன் சொன்னான். அந்த மூன்று வருடத்தையும் சீவியில் போடாமல் விடலாமா? பழைய முகநூல் கணக்கை மூடிப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார்கள். அதில் வேலையை விட்ட அன்று முகாமையாளரைத் திட்டி எழுதியதும் இருக்கிறது, ஒவ்வொரு மே மாதமும் அண்ணாவின் படம் போட்டதும் இருக்கிறது. கோட் சூட்டில் படம் எடுத்து லிங்க்ட்இனில் போட வேண்டுமாம். மூன்று கிழமையில் கிளிநொச்சியில் இன்னொரு நேர்முகம். என் பெயரை எப்படி மாற்றுவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, இரண்டு இடத்திலும் கடைசிச் சுற்று வரை போயிருக்கிறீர்கள் என்பதுதான். படிப்பும் பேச்சும் போதாதவரை அவ்வளவு தூரம் கூப்பிட மாட்டார்கள். நேர்முக அறைக்குள் நீங்கள் தோற்கவில்லை. அறைக்கு வெளியே யாரோ எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான் காரியம் கெட்டிருக்கிறது.

தேர்வுக் குழுக்களில் பல வருடம் இருந்தவள் என்பதால் அந்த அழைப்பு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறக்குறைய 113,000 பேர், முல்லைத்தீவில் ஏறக்குறைய 92,000 பேர். இரண்டையும் சேர்த்தாலும் கொழும்பின் ஒரு மூலைக்குக் காணாது. இந்தச் சனத்தொகைக்குள் யாரைப் பற்றியும் இரண்டு அழைப்பில் விசாரித்துவிடலாம். கேள்வியும் நீளமாக இருக்காது. "ஆள் எப்பிடி?" அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவர் முதலில் சொல்லும் நாலு சொல், உங்கள் சீவியின் மூன்று பக்கத்தையும் விட எடை கூடியதாகிவிடும்.

1920இல் எட்வேர்ட் தோர்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், படை அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட புள்ளிகளை ஆராய்ந்தார். ஒரு குணத்தில் நல்ல புள்ளி வாங்கியவருக்கு அதோடு சம்பந்தமில்லாத குணங்களிலும் நல்ல புள்ளி விழுந்திருந்தது. பட்டப்பெயரும் இதே வேலையைத்தான் மறுபக்கமாகச் செய்கிறது. 'லோன் பெடியன்' என்று கேட்டவுடனேயே நெருக்குபவன், இரக்கமில்லாதவன், பெண்களோடு மரியாதை தெரியாதவன் என்று மிச்சத்தை எல்லாம் கேட்டவரே நிரப்பிக்கொள்வார். அந்த இடைவெளியை உங்கள் உண்மையால் நிரப்புவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே முதற் கேள்விக்குப் பதில்: அந்த மூன்று வருடத்தை மறைக்க வேண்டாம். மறைத்தால் சீவியில் மூன்று வருட வெற்றிடம் நிற்கும். ஊரில் ஒருவர் வாய் திறந்ததும் 'லோன் பெடியன்' என்பதோடு 'பொய் சொன்னவன்' என்பதும் சேர்ந்துவிடும். முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த முடியாது.

எழுதும் விதத்தில் கவனம் வையுங்கள். 'கடன் அறவீட்டு உத்தியோகத்தர்' என்று ஒரு வரியோடு விட்டால் தேர்வுக் குழுவுக்கு நெருக்குதல் மட்டுமே கண்ணில் படும். எத்தனை கிராம அலுவலர் பிரிவுகளில் வேலை செய்தீர்கள், எத்தனை கடன் குழுக்களின் கணக்கைக் கையில் வைத்திருந்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். எந்த வீட்டில் சிறுபோகம் செய்கிறார்கள், எந்த வீடு கூலியை நம்பி இருக்கிறது, எந்த மாதத்தில் யார் கையில் காசு புழங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். வாழ்வாதாரத் திட்டம் நடத்துகிறவர்கள் இதே தகவலைச் சேர்க்கத்தான் மாதக்கணக்கில் படிவம் நிரப்புகிறார்கள்.

நேர்முகத்தில் அவர்கள் மனதில் இருக்கும் பயம் ஒன்றுதான்: இந்தப் பெடியனை அனுப்பினால் பெண்கள் கதவைத் திறப்பார்களா? அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே அந்தக் கதையை எடுங்கள். "நான் கடன் அறவிட்டவன். சில வீடுகளில் என்னில் கோபம் இருக்கு, அது நியாயமான கோபம்" என்று சொல்லிவிட்டு, கட்ட முடியாமல் நின்ற ஒரு வீட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம், அது அந்தக் குடும்பத்தின் மானம். இன்று அதே இடத்தில் நின்றால் என்ன வேறாகச் செய்வீர்கள் என்பதையும் சேருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பழைய நிறுவனத்தில் பழியைப் போடவும் வேண்டாம்.

அடுத்தது, உங்களைப் பற்றிச் சொல்ல விண்ணப்பத்தில் கேட்கும் அந்த உறவினரல்லாத இரண்டு பேர். பெரும்பாலான பிள்ளைகள் பிழை விடும் இடம் இது. ஊரில் பெரிய பதவியில் இருப்பவரின் பெயரைப் போட்டுவிட்டு அவருக்குச் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். ஒருமுறை நான் ஓர் அதிபரை அழைத்தபோது "எந்தப் பிள்ளை?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் சான்றிதழ்களை எவரும் திரும்பப் பார்க்கவில்லை. உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவரின் பெயரைப் போடுங்கள். பதவி சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. பெயர் போட முன்னர் நேரில் போய், "என்னைப் பற்றிக் கேட்டால் சொல்ல உங்களுக்கு விருப்பமா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். சம்மதித்தால் வேலை விளம்பரத்தையும் சீவியையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, யார் எப்போது அழைக்கக்கூடும் என்று சொல்லி வையுங்கள்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு அழைப்பை நம்பி ஒரு பிள்ளையை நான் தட்டிக்கழித்திருக்கிறேன். அவளைப் பற்றி என்னிடம் தாழ்வாகச் சொன்னவருக்கும் அவளின் தகப்பனுக்கும் காணி எல்லைத் தகராறு இருந்தது என்பது பல மாதம் கழித்தே தெரிந்தது. அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது. அன்றிலிருந்து ஒருவர் குறை சொன்னால் இன்னும் இரண்டு பேரிடம் கேட்காமல் நான் முடிவெடுப்பதில்லை. எல்லாக் குழுக்களும் அப்படிச் செய்வதில்லை. அதனால் அந்த இரண்டாவது, மூன்றாவது ஆளை நீங்களே அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள்.

இனிக் கைபேசி. நண்பர் ஒருவரின் கைபேசியில், அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகோலர் செயலியைத் திறந்து உங்கள் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று வருடமாக நூற்றுக்கணக்கானோர் உங்கள் இலக்கத்தை 'லோன்' என்ற சொல்லோடு சேமித்திருப்பார்கள். அந்தச் செயலியிலும் அந்தப் பெயரோடு நீங்கள் காட்டப்படலாம். நீங்கள் அழைக்கும்போது மனிதவளப் பிரிவில் இருப்பவரின் திரையில் அதுதான் மின்னும். செயலியில் உங்கள் இலக்கத்தைப் பதிந்து சொந்தப் பெயரை எழுதிவிட்டால் திருத்தலாம், பத்து நிமிட வேலை. வட்ஸ்அப் முகப்புப் படத்தையும் பாருங்கள். நீங்கள் அமைப்பில் மாற்றாவிட்டால் உங்கள் இலக்கம் வைத்திருக்கும் எவரும் அதைப் பார்க்கலாம்.

முகநூல் கணக்கை மூட வேண்டாம். ஒரு வயது கூட ஆகாத புதுக் கணக்கு, எதையோ ஒளிக்கும் ஆளின் கணக்குப் போலத் தெரியும். முகாமையாளரைத் திட்டியதை இன்றே அழித்துவிடுங்கள். ஏன் அழித்தேன் என்று விளக்கம் எழுதப் போனால் அது இரண்டாவது பதிவாகிவிடும். அவர் உங்களுக்குச் செய்தது அநியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் வாசிக்கும் புது முகாமையாளர், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இவன் இப்படி எழுதுவான் என்றுதான் நினைப்பார். பழைய பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி ஒரேயடியாகச் சுருக்க அமைப்பில் வழி இருக்கிறது. மற்றவர்கள் உங்களைக் குறியிட்ட படங்களையும் தேடுங்கள், சங்கடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூகிளில் தேடிப் பாருங்கள்.

அண்ணாவின் படத்தை எடுக்க வேண்டாம், தம்பி. வன்னியில் மே மாதத்தில் யாருடைய முகநூலில்தான் ஒரு படம் இல்லை? இறந்தவரை நினைப்பது ஒருவருடைய வேலைத் திறமையோடு சம்பந்தப்பட்ட விடயமே இல்லை. அதை யார் பார்க்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். ஆனால் ஒரு வேலைக்காக அந்தத் துக்கத்தைத் துடைக்கச் சொல்லும் ஆலோசனையை நான் எவருக்கும் கொடுக்க மாட்டேன்.

கோட் சூட் தேவையில்லை. கழுத்துப் பட்டன் போட்ட சேட்டில், நல்ல வெளிச்சத்தில், சுவருக்கு முன்னால் எடுத்த படம் போதும். லிங்க்ட்இன் கணக்கைக் கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகங்கள் பார்க்கும், ஆகவே வைத்திருங்கள். சீவியில் உள்ளதற்கும் அதற்கும் ஆண்டுக் கணக்கில் முரண் இருக்கக் கூடாது. நேர்முகத்தன்று மாங்குளத்தில் பஸ் மாறி ஏ9 வழியாக வருவீர்கள் என்றால், சேட்டைப் பையில் கொண்டுவந்து கிளிநொச்சியில் மாற்றுங்கள். முகாமைத்துவ உதவியாளர் போன்ற அரச பதவிகளுக்குப் போட்டிப் பரீட்சைப் புள்ளிதான் தீர்மானிக்கும். அதற்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம், படியுங்கள்.

பெயர் எழுதும் விதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2008, 2009 இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்துப் பிறகு பிரதி எடுத்த பலருக்கு, பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்து, அடையாள அட்டையில் வேறு, சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று. விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்; மின்னஞ்சலும் லிங்க்ட்இனும் அதே எழுத்தில் இருக்கட்டும். முரண் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள். இரண்டு பெயரில் இருப்பவரை யாரும் ஒரே ஆளாக நினைவில் வைக்க மாட்டார்கள்.

இவை எல்லாம் மூன்று கிழமைக்குள் முடியும். பட்டப்பெயர் மாற அதைவிட நாள் எடுக்கும். 'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்பார்கள். மூட முடியாது, ஆனால் அந்த வாய் சொல்வதற்கு வேறொன்றைக் கொடுக்கலாம். உங்களுக்குக் கணக்குத் தெரியும். உங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின் பற்றுச்சீட்டுகள் ஒழுங்காக இருக்கின்றனவா? பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் வருடக் கணக்கு முடிந்ததா? ஒன்றைப் பொறுப்பெடுத்து, காசில்லாமல், முழுவதுமாக முடித்துப் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் கொடுங்கள். பாதியில் விட்டால் தொடாமல் விட்டதைவிடக் கேடு. ஆறு மாதத்தில் "ஆள் எப்பிடி?" என்று கேட்பவருக்கு, "எங்கட சங்கக் கணக்கை முடிச்சுத் தந்த பெடியன்" என்று ஒருவராவது சொல்வார்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் எழுதிய ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியில் தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றிச் சொல்கிறார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது காண்பவர் மூலமே வேலை வந்தது. உங்கள் அத்தானுக்கும் சித்தப்பாவுக்கும் தெரிந்த வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் சங்கக் கணக்கோடு போய்வரும்போது காணும் முகங்கள்தான் புதுத் தகவலைக் கொண்டு வருவார்கள்.

கடைசியாக, இதுதான் கடினமானது. அந்த மூன்று வருடத்தில் நீங்கள் யாரையாவது நோகடித்தீர்களா? ஒருவர் கட்டாவிட்டால் குழு முழுவதையும் இருத்தி வைக்கும் வேலை அது. இருட்டும் வரை ஒரு வீட்டு முற்றத்தில் குந்தியிருந்தவர்களை எனக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே நுண்கடன் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு இந்தச் சுமை இருந்தது. மேலிடத்து இலக்கு உங்களையும் நெருக்கியிருக்கும், அதை நான் அறிவேன். ஆனால் அந்த வீட்டாரிடம் போகும்போது இலக்கைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று வீடு உங்கள் மனதில் உடனே வந்திருக்கும். அங்கே போங்கள். தனியே போகச் சங்கடமென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் முதலில் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "அண்டைக்கு நான் கதைச்சது பிழை அக்கா" என்று சொன்னால் போதும். நேர்முகம் பற்றி அன்று வாய் திறக்க வேண்டாம், நற்சொல் கேட்கவும் வேண்டாம். அவர்கள் ஏசினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். மன்னிக்காமலும் விடலாம், அது அவர்களின் உரிமை.

மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் வெளியேறப் பழகிய வீடுகள் அவை. ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.