மேசை ரம்பம் கருக்குகிறதா, கடிக்கிறதா? கேள்வி பதில்

கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் ஒரே நிபந்தனை: கையை உள்ளே விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் போட்டுவிடுங்கள். சுவிட்சை அணைத்தது கணக்கில் வராது. கேள்விகளை வந்த வரிசையில் வைக்கவில்லை. ரம்பத்தை எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நெட்டுவாக்கில் அறுக்கும்போது ஃபென்ஸ் (மரத்தைச் சாய்த்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) பக்கம் இருக்கிற விளிம்பு கருகுது. புது பிளேடு மாட்டியும் அதே கதை. எங்கே ஆரம்பிக்கணும் சார்?

பிளேடை வாங்குவதற்கு முன் ஸ்லாட்டைப் பார்த்திருக்க வேண்டும். குறுக்கே அறுக்கும்போது மரத்தைக் கோணம் பிசகாமல் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடும் அந்தப் பள்ளம் மேசையிலேயே கடைந்தெடுத்தது, நகராது. அதனால் அதுதான் அளவுகோல். முதலில் பிளேடை ஸ்லாட்டுக்கு இணையாக்க வேண்டும். அடுத்து ஃபென்ஸை அதே ஸ்லாட்டுக்கு இணையாக்க வேண்டும். ஃபென்ஸைப் பிளேடுக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் ஒரு தவறை வைத்து இன்னொரு தவறை அளந்த மாதிரி ஆகும்.

அளப்பது இப்படி. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஸ்லாட் பக்கம் சாய்ந்திருக்கும் ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம், மேசை மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவாருங்கள். நகரும் தலை கொண்ட மூலைமட்டத்தின் தலையை ஸ்லாட்டின் விளிம்பில் அழுத்திப் பிடித்து, அளவுகோல் நுனி பல்லை உரசும் வரை நீட்டி இறுக்குங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மூலைமட்டத்தையும் அங்கே நகர்த்துங்கள். முன்னால் கேட்ட அதே மெல்லிய உரசல் சத்தம் பின்னாலும் கேட்டால் சரி. வேறு பல்லில் அளக்கக் கூடாது. பிளேடு சிறிது வளைந்திருந்தால் அந்த வளைவும் அளவில் சேர்ந்துவிடும். ஒரே பல் என்றால் வளைவு கழிந்துவிடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் வேலைக்குப் போதும், 0.05 என்றால் அருமை. டயல் கேஜ் இல்லாதவர்களுக்கு: சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. பின்பக்க இடைவெளியில் தாள் தாராளமாக நுழைந்தால் திருத்த வேண்டும்.

திருத்துவது ரம்பத்தின் வகையைப் பொறுத்தது. முழுப்பெட்டி வைத்த கனமான ரம்பங்களில் பிளேடும் மோட்டாரும் பெட்டியோடு பிணைந்திருக்கும். மேசையைப் பெட்டியோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்களில் மூன்றைத் தளர்த்தி, நான்காவதை லேசாக மட்டும் விட்டு, மேசையைத் தட்டி நகர்த்தலாம். காலில் நிற்கும் இடைநிலை ரம்பங்களில் பிளேடைத் தாங்கும் டிரன்னியன் மேசையின் அடியில் தொங்கும். அதன் பின்பக்க போல்ட்களைத் தளர்த்தி மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டு சிறிதாக இருக்கட்டும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அளவு. தூக்கிச்செல்லும் சிறு ரம்பங்களிலும் பெரும்பாலும் மேசைக்கு அடியில் இதற்கென போல்ட்கள் இருக்கும். கையேட்டில் படம் பாருங்கள்.

போல்ட்டை இறுக்கும்போதே அளவு கொஞ்சம் நகரும். இறுக்கியபின் இன்னொரு முறை அளக்காதவர்கள்தான் "சரிபண்ணியும் அப்படியே இருக்கு" என்று திரும்பி வருகிறார்கள்.

கேள்வி: ஃபென்ஸ் துல்லியமா இணையா இருக்கணுமா, இல்ல பின்பக்கம் கொஞ்சம் விலகணுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டும் நடக்கும். பின்முனை 0.05 முதல் 0.1 மி.மீ. வரை பிளேடிலிருந்து விலகியிருக்கலாம். உள்பக்கம் சாயவே கூடாது. சாய்ந்தால் மரம் ஃபென்ஸுக்கும் பிளேடின் பின்பாதிக்கும் நடுவில் நெருக்கப்படும். பின்பாதியில் பற்கள் மேல்நோக்கி எழும். அவை மரத்தைத் தூக்கி, மேலே வந்து முன்னோக்கி, உங்கள் வயிற்றுக்கு நேராக எறியும்.

ஃபென்ஸை ஸ்லாட்டின் விளிம்போடு விளிம்பாக நிறுத்தி இறுக்கி, விரல்நுனியால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். 0.1 மி.மீ. படியைக்கூட விரல் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் பின்முனை வேறுவேறு இடத்தில் நின்றால், ஃபென்ஸ் ஓடும் தண்டவாளத்தில் தூள் கட்டியிருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி: மெல்லிய பிளேடு வாங்கி மாட்டினேன். மரம் பாதி தூரம் போய் நின்னுடுது, தள்ளவே முடியல. பிளேடு கோளாறா அண்ணா?

பிளேடு நன்றாகத்தான் இருக்கும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரைவிங் நைஃப் இந்த பிளேடுக்குத் தடிமன் அதிகம். பிளேடில் இரண்டு தடிமன் உண்டு: பற்கள் அறுக்கும் அகலம் ஒன்று, பிளேடின் உடல் தடிமன் இன்னொன்று. நைஃப் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உதாரணமாக அறுப்பு அகலம் 2.4, உடல் 1.6 என்றால் நைஃப் 2.0 மி.மீ. உங்களுடையது 2.5 ஆக இருந்தால், 2.4 அகலப் பள்ளத்தில் எப்படி நுழையும்? நைஃபின் மேலேயே தடிமன் பொறித்திருக்கும், பிளேடிலும் இருக்கும். இல்லாவிட்டால் வெர்னியரால் அளங்கள்.

அதற்காக நைஃபைக் கழற்றி வைத்துவிட்டு அறுக்கக் கூடாது. பிளேடின் பின்பக்கம் மரம் மூடிக்கொள்ளாமல் காப்பது அதுதான். பிளேடுக்கும் நைஃபுக்கும் இடையே 3 முதல் 8 மி.மீ. இடைவெளி, உச்சி பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே. நேர்ச்சட்டத்தை பிளேடின் உடலில் ஒட்டிவைத்து, நைஃப் இடம் வலம் எந்தப் பக்கமும் பற்களைத் தாண்டி நிற்கவில்லை என்று இரு பக்கமும் பாருங்கள்.

கேள்வி: பிளேடோட மேல்மூடியைக் கழட்டிட்டு ஓட்டலாமா? கண்ணுக்கு மறைக்குது.

கூடாது. பலகையை முழுதும் பிளக்காமல் பள்ளம் மட்டும் எடுக்கும் அறுப்பில்தான் அதைக் கழற்ற வேண்டிவரும். அந்த வேலை முடிந்ததும் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: ஆர்பர் (பிளேடு மாட்டும் தண்டு) நட்டு கழலவே மாட்டேங்குது. எந்தப் பக்கம் சுத்தணும்?

பிளேடு எந்தத் திசையில் சுழலுமோ அதே திசையில் ஸ்பேனரைத் திருப்பினால் கழலும். ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி வைத்தால், உங்களை நோக்கி இழுக்க வேண்டும். நட்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று குழம்ப வேண்டாம். பிளேடுக்கு எதிரே மரத்துண்டை முட்டுக்கொடுத்துப் பல்லை நெரிக்கும் பழக்கம் நல்லதல்ல. ரம்பத்துடன் வந்த இரண்டாவது ஸ்பேனரையோ ஆர்பர் பூட்டையோ பயன்படுத்துங்கள்.

நட்டு கழன்ற கையோடு பிளேடை உள்பக்கம் தாங்கும் வட்டத் தட்டான உள் ஃபிளேஞ்சைத் துடையுங்கள். அதில் ஒட்டிய ஒரு மரத்தூள் மணி பிளேடின் விளிம்பில் பல மடங்கு ஆட்டமாகத் தெரியும். இறுக்கும்போது உடலெடையைப் போட வேண்டாம்.

கேள்வி: பிளேடுல பிசின் கெட்டியா கட்டியிருக்கு. தீயில காட்டி எரிச்சிடலாமா?

வேண்டவே வேண்டாம். உடல் வளைந்துபோகும், பற்களைப் பிடித்திருக்கும் பற்றவைப்பும் தளரும்.

அகலமான பிளாஸ்டிக் தட்டில் பிளேடு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பத்து பதினைந்து நிமிடம் ஊறட்டும். கையுறை போட்டு, நைலான் பிரஷ்ஷால் பல்லுக்குப் பல் தேயுங்கள். பிசின் காப்பி நிறத்தில் கரைந்து இறங்கும். பல்லின் பின்முதுகையும் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள், சூடு பிறப்பதே அங்கேதான். கழுவியதும் உடனே துணியால் துடைத்து, உலரவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. காஸ்டிக் சோடா கலந்த கடுமையான சுத்திகரிப்பான் தேவையில்லை. அது கையைப் பொத்துப்போகச் செய்யும், பிளேடின் பூச்சையும் கெடுக்கும்.

சுத்தம் செய்தபிறகும் தள்ளக் கஷ்டமாக இருந்தால் பல் மழுங்கியிருக்கிறது. தேக்கில் சிலிக்கா உண்டு, கார்பைடு பல்லையே சீக்கிரம் தேய்த்துவிடும். பிளைவுட்டின் பசையும் அப்படியே.

பல் எண்ணிக்கையைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். 254 மி.மீ. பிளேடில் 24 பல் நெட்டறுப்புக்கு, 60க்கு மேல் குறுக்கறுப்புக்கும் பிளைவுட்டுக்கும், 40 இரண்டுக்கும் சுமாராக. 80 பல் பிளேடில் தடித்த மரத்தை நெட்டுவாக்கில் அறுத்துவிட்டு "கருகுது" என்றால் பிளேடு என்ன செய்யும்? பற்களுக்கு இடையே தூள் வெளியேற இடமில்லை.

கேள்வி: மைட்டர் கேஜ் 90 காட்டுது, ஆனா பெட்டி மூலை சேரும்போது இடைவெளி வருது.

மூலைமட்டத்தை நம்பாதீர்கள், அதிலும் பிழை இருக்கலாம். ஐந்து வெட்டு முறை போதும். ஏறக்குறைய 400 மி.மீ. சதுர எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) துண்டு ஒன்று எடுங்கள். ஒரு பக்கத்தை வெட்டுங்கள். இப்போது வெட்டிய பக்கத்தைக் கேஜில் சாத்தி அடுத்த பக்கம். இப்படியே நான்கு பக்கமும் ஒரே திசையில் சுற்றி வெட்டுங்கள். ஐந்தாவதாக, முதல் பக்கத்திலிருந்து 12 மி.மீ. அளவில் ஒரு பட்டை எடுங்கள். வெட்டும் முன்பே அதன் இரு முனையிலும் "முன்", "பின்" என்று எழுதிவிடுங்கள், பிறகு எது எது என்று தெரியாது.

வெர்னியரில் முன்முனை 12.60, பின்முனை 12.20 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.40. பிழை நான்கு முறை சேர்ந்திருப்பதால் நான்கால் வகுத்தால் 0.10. அதாவது 400 மி.மீ. நீளத்துக்கு 0.10 மி.மீ. கோணல். கேஜை இம்மியளவு திருப்பி மறுபடி வெட்டுங்கள். வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். 400க்கு 0.05க்குள் வந்தால் நிறுத்திவிடலாம். அதற்குமேல் துரத்தினால் மரம் ஈரத்தில் அசைவது அதைவிடப் பெரிது.

இதற்கு முன் ஒரு சோதனை: கேஜின் கம்பி ஸ்லாட்டில் பக்கவாட்டில் ஆடுகிறதா? ஆடினால் ஐந்து வெட்டும் ஐந்து விதமாக வரும். கம்பியின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச்சால் சில குத்துகள் குத்தினால் உலோகம் சற்று மேடாகி ஆட்டம் நிற்கும். அதிகமாகிவிட்டால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வார்ப்பிரும்பு மேசையில மழை நாள்ல துரு படிஞ்சிடுச்சு. என்ன போடலாம்?

மண்ணெண்ணெய் நனைத்த மெல்லிய உராய்வுப் பஞ்சால் நீளவாக்கில் தேய்த்து, துடைத்து, வாடை போகும் வரை காயவிடுங்கள். பிறகு பேஸ்ட் மெழுகு பூசி, மங்கலானதும் துணியால் மெருகேற்றுங்கள். மரம் வழுக்கிக்கொண்டு போகும். சிலிகோன் கலந்த கார் பாலிஷ் மட்டும் வேண்டாம். அது மரத்தில் ஏறினால் பிறகு அடிக்கும் வார்னிஷ் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும். அலுமினிய மேசைக்குத் துரு வராது, மெழுகு போதும்.

கேள்வி: உயரம் ஏத்துற சக்கரம் இறுகிப்போச்சு. நிறைய கிரீஸ் வச்சும் ரெண்டு மாசத்துல திரும்ப இறுகுது.

கிரீஸ்தான் இறுக்குகிறது. தூளைப் பிடித்துவைத்துக் களிமண்ணாக்கிவிடும். மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு பழைய கிரீஸை முழுதும் எடுங்கள், முக்கியமாகப் பற்சக்கரத்தின் பள்ளங்களிலும் திருகுக்கம்பியிலும். பிறகு பிடிஎஃப்இ கலந்த உலர் மசகு, அல்லது பேஸ்ட் மெழுகையே தடவலாம். 90, 45 பாகை நிறுத்தத் திருகுகளின் முனையில் தூள் சேர்ந்தாலும் பிளேடு முழுதாக நிமிராது. ஆகவே கோணத்தைத் திருத்தும் முன் அங்கே ஊதிப் பாருங்கள்.

கேள்வி: மெல்லிய பட்டைகள் பிளேடு பக்கத்து இடுக்குல விழுது. பிளைவுட் அடிப்பக்கமும் பிய்யுது.

பிளேடைச் சுற்றி மேசைத் திறப்பை மூடும் இன்செர்ட் தகட்டை இடைவெளியில்லாமல் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டில் பழைய தகட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ரவுட்டரால் அதே வடிவம் எடுங்கள். நான்கு மூலையிலும் சிறு திருகுகள் வைத்தால் மேசை மட்டத்துக்குச் சமன்செய்யலாம்.

இரண்டு இடத்தில் தடுமாற்றம் வரும். பிளேடை முழுதும் இறக்கினாலும் அதன் உச்சி புதுத் தகட்டை முட்டும். தகட்டின் அடியில் அறுப்புக் கோட்டில் 6 மி.மீ. ஆழப் பள்ளம் எடுத்துவிடுங்கள். அடுத்தது ரைவிங் நைஃப்: பிளேடு ஏறும்போது அதுவும் ஏறித் தகட்டைத் தூக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நைஃபைக் கழற்றுங்கள். அறுப்புக் கோட்டின் மேல் வராதபடி ஃபென்ஸைத் தகட்டின் ஒரு ஓரத்தின் மேல் இறுக்கி, கையை அருகில் கொண்டுபோகாமல், ஓடும் பிளேடை மெல்ல ஏற்றுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பள்ளத்தைப் பின்பக்கம் நைஃப் நிற்கும் அளவு வாள் ரம்பத்தால் நீட்டி, நைஃபைத் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: சுவிட்ச் போட்டா "ம்ம்ம்"னு சத்தம் மட்டும் வருது, சுத்தல.

இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர், அல்லது தூள் அடைத்த சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச். உடனே அணையுங்கள், அந்த நிலையில் விட்டுவைத்தால் சுருள் கருகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கும். இறக்கத் தெரியாவிட்டால் மோட்டார் கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள். கார்பன் பிரஷ் வைத்த இரைச்சல் மோட்டார் என்றால் பொறி பறப்பதும் விட்டுவிட்டு ஓடுவதும் பிரஷ் தேய்ந்ததன் அறிகுறி. 6 மி.மீ.க்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தடித்த மரத்தில் திணறுகிறது என்பவர்கள் நீட்டிப்பு வயரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1800 வாட் மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கும். 10 மீட்டருக்கு மேல் என்றால் 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். சுருட்டி வைத்தபடி ஓட்டினால் அதுவும் சூடேறும்.

கேள்வி: பெல்ட் ரம்பம், முதல் அஞ்சு நிமிஷம் அதிருது, அப்புறம் அடங்கிடுது.

பல நாள் ஓடாமல் நின்ற வி பெல்ட் புல்லியின் வளைவிலேயே இறுகிப்போயிருக்கும், சூடேறியதும் இளகும். ஐந்து நிமிடத்தில் அடங்கினால் பெல்ட்டை மாற்றினாலே போதும். கண்ணி கண்ணியாகக் கோர்த்த லிங்க் பெல்ட் இப்படி இறுகாது. அடங்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தால் இரண்டு புல்லிகளின் முகத்திலும் நேர்ச்சட்டத்தைச் சாத்துங்கள். நான்கு இடத்திலும் தொட வேண்டும். தொடாவிட்டால் மோட்டார் புல்லியின் சாவித்திருகைத் தளர்த்தி நகர்த்தி, இறுக்கி, பெல்ட்டைப் போடுங்கள். அந்தச் சாவித்திருகு தானாகத் தளர்ந்திருந்ததுதான் பாதிப் பேருக்குக் காரணமாக இருக்கும்.